மலைப் பூங்காவில் இராத்தங்கல் - ஓர் ஆற்றுப்படை

முன்னுரை

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிரே வருபவனுக்குத் தான் நடந்த வழியைச் சொல்லி அனுப்புவது அவற்றின் அமைப்பு. வள்ளலின் கொடைச் சிறப்பே அவற்றின் உயிர் என்று வகுப்பறையில் கூறி மேலே சென்றுவிடுகிறோம். மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படையை ஒரு வழிப்போக்கனின் கவலையோடு படித்தால் வேறொரு செய்தியும் புலப்படும். நன்னன் சேய் நன்னனின் மலைநாட்டிற்குச் செல்லும் கூத்தர்க்கு, எங்கே உணவு கிடைக்கும், எங்கே கால் வழுக்கும், எங்கே தினைப்புனக் காவலரின் கவண்கல் வந்து விழும், பொழுது சாய்ந்தால் எங்கே ஒதுங்குவது என்பனவற்றைப் பெருங்கௌசிகனார் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்கிறார். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி இருளில் தெரியாது. ஆதலின் விடிந்தபின் நடக்க என்கிறார். இரவில் கற்குகைக்குள் சொந்த வீட்டில் புகுந்தாற்போலத் தங்குக என்கிறார். மலைவழியில் செல்வோனுக்கு முதற்கவலை இரவைப் பற்றியது என்பதை அப்புலவர் நன்கறிந்திருந்தார்.

இதனை ஈண்டு நினைவுகூரக் காரணம் உண்டு. எம் துறை மாணவர் சிலர் இமயமலையில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவிற்குச் சுற்றுலா செல்லத் திட்டமிட்டுத் தாளும் கையுமாக வந்தனர். புகைவண்டி நேரம், பேருந்து, செலவுக் கணக்கு எல்லாம் அழகாக எழுதப்பட்டிருந்தன. "இரவில் எங்கே தங்குவீர்கள்?" என்று வினவினேன். "அங்கேயே பூக்களுக்கு நடுவில் கூடாரம் அடித்துக்கொள்வோம், ஐயா" என்றனர். அந்தப் பள்ளத்தாக்கில் எவரும் கூடாரம் அடிக்க முடியாது. மாலைக்குள் ஒவ்வொருவரும் வெளியேறிவிட வேண்டும் என்பது பூங்காவின் விதி. அத்திட்டப்படி சென்றிருந்தால், பொழுது சாயும் வேளையில், 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மழையில், பதிவு செய்த அறை ஏதுமின்றி நம் பிள்ளைகள் நின்றிருப்பர். அவர்களுக்குச் சொன்னவற்றை விரித்தெழுதியதே இக்கட்டுரை.

பூங்காவும் வழியும்

உத்தரகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், புஷ்பாவதி என்னும் சிற்றாறு பாயும் பள்ளத்தாக்கே மலர்ப் பள்ளத்தாக்கு. 1931ஆம் ஆண்டில் காமெட் சிகரத்தில் ஏறி மீண்ட ஆங்கிலேய மலையேறிகள் சிலர் ஒரு கணவாயைக் கடந்து இப்பூவெளியில் இறங்கினர். அவர்களுள் ஒருவரான ஃபிராங்க் ஸ்மித் 1937இல் மீண்டும் வந்து, இங்கேயே கூடாரமிட்டுத் தங்கிச் செடிகளையும் விதைகளையும் திரட்டினார். மறு ஆண்டு அவர் எழுதிய நூலால் இவ்விடத்தின் பெயர் உலகெங்கும் பரவியது. மலையில் ஆடு மேய்த்தவர்களுக்கு அதற்கு நெடுங்காலம் முன்பே இது தெரிந்த இடந்தான். 1939இல் மலர் ஆராய வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் பெண்மணி பாறைச் சரிவில் கால் இடறி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் பள்ளத்தாக்கினுள் இருக்கிறது. அதன் அருகில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள், மழையில் நனைந்த பாறை என்ன செய்யும் என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

1982இல் இது தேசியப் பூங்கா ஆயிற்று. பரப்பு ஏறத்தாழ 87 சதுர கிலோமீட்டர். 2005இல் அண்டையிலுள்ள நந்தாதேவி தேசியப் பூங்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஜூன் முதல் அக்டோபர் முடியத் திறந்திருக்கும். எஞ்சிய மாதங்களில் பனி மூடிவிடும். பூக்கள் நிறைந்து நிற்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை. அதுவே மழை மிகுந்த காலமும் ஆகும். பூவும் மழையும் நிலச்சரிவும் ஒரே பருவத்தில் சேர்ந்து வருவதுதான் இப்பயணத்தின் சிக்கல்.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோமீட்டர் மலைச்சாலை. காலையில் புறப்பட்டால் மாலை ஆகிவிடும். ஜோஷிமட்டிலிருந்து கோவிந்த்காட் சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து புல்னா என்னும் சிற்றூர் வரை நான்கு கிலோமீட்டர் வண்டி செல்லும். பின்னர்க் கங்கரியா வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஏற்றம். நடந்தோ கோவேறு கழுதையிலோ செல்ல வேண்டும். கங்கரியாவிலிருந்து பள்ளத்தாக்கு மூன்று கிலோமீட்டர். இங்கே கழுதைகளுக்கும் அனுமதி இல்லை. இவ்வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டால் எங்கெங்கே இரவு விழும் என்பது தானே விளங்கும்.

பகலில் உள்ளே, இரவில் வெளியே

பூங்காவினுள் விடுதி இல்லை, உணவுக்கடை இல்லை, கூடாரத்திற்கு இடமும் இல்லை. கங்கரியாவைத் தாண்டியதும் உள்ள வனத்துறைச் சாவடியில் காலையில் அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே சென்று, மாலைக்குள் அதே வழியில் திரும்ப வேண்டும். ஸ்மித் வாரக்கணக்கில் கூடாரமிட்டுத் தங்கிய இடத்தில் இன்று நமக்கு ஓரிரவு தங்கவும் உரிமை இல்லை. "இது என்ன நியாயம்?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

இதற்கு விடை அருகிலுள்ள நந்தாதேவியில் இருக்கிறது. 1974இல் அச்சிகரத்தைச் சூழ்ந்த உட்பகுதி வெளிநாட்டு மலையேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆண்டுதோறும் குழுக்கள் வந்தன. ஒவ்வொரு குழுவும் கூடாரம் அடித்தது; சமையலுக்கு உயர்மலைப் புதர்களை வெட்டி எரித்தது; தகர டப்பாக்களையும் கயிறுகளையும் போட்டுவிட்டுப் போனது. குளிர் மிகுந்த அவ்வுயரத்தில் ஒரு புதர் வளர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எறிந்த குப்பையும் எளிதில் மக்காது. 1982இல் அரசு அப்பகுதியை முற்றாக மூடிவிட்டது. 1993இல் ஆய்வுக்காகச் சென்ற இராணுவப் பொறியாளர் குழு பழைய குப்பையைப் பொறுக்கிக் கீழே கொண்டுவர நேர்ந்தது. பகலில் நடந்து செல்பவன் பாதையோடு போய்விடுகிறான். இரவு தங்குபவனுக்கோ நெருப்பும் நீரும் சமன்நிலமும் கழிப்பிடமும் வேண்டும். மலை தேய்வது பெரும்பாலும் இவ்விரண்டாமவனால்.

எனினும் மூடிவிடுதல் எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூங்கா ஆனபின் ஆடுமாடுகள் மேய்வது நிறுத்தப்பட்டது. அதன்பின் ஆளுயரம் வளரும் ஒருவகைச் செடி பள்ளத்தாக்கில் பரவிச் சிறு பூச்செடிகளை மறைக்கத் தொடங்கியது. மேய்ச்சல் நின்றதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் சிலரும், அவ்வாறன்று என்று வேறு சிலரும் வாதிட்டனர். வனத்துறை ஆட்களைக் கொண்டு அச்செடியைக் களைந்து வருகிறது. மேய்ச்சல்காரரை வெளியேற்றியது பற்றி எனக்கு ஐயம் உண்டு. சுற்றுலாக் கூடாரத்தைத் தடுத்தது பற்றி ஐயமே இல்லை.

தங்குமிடங்கள்

மூன்று ஊர்களில் தங்கலாம்.

முதலாவது ஜோஷிமட். 1,800 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலைநகரம். 2024இல் இதன் பெயர் ஜோதிர்மட் என மாற்றப்பட்டதாயினும் பழைய பெயரே மக்கள் வாயில் வழங்குகிறது. அரசுச் சார்பு நிறுவனமான கட்வால் மண்டல் விகாஸ் நிகமத்தின் பயணியர் விடுதியும் தனியார் விடுதிகளும் உள்ளன. இந்நகரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பழைய நிலச்சரிவு கொண்டுவந்து குவித்த மண்ணின் மேல் இது அமர்ந்திருக்கிறது; இங்குப் பெருங்கட்டடங்கள் கூடாது என்று 1976இலேயே மிஸ்ரா குழு அரசுக்கு எச்சரித்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது, கட்டடங்கள் எழுந்தன. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு விடுதிகள் இடிக்கப்பட்டன. நிலம் அமிழ்ந்ததற்குப் பல காரணங்களை அறிஞர் கூறுகின்றனர். முறையான வடிகால் இன்றி மண்ணுக்குள் இறங்கும் கழிவுநீரும் கட்டடச் சுமையும் அவற்றுள் அடங்கும். நாம் ஓரிரவு படுக்கும் அறையும், திருகிவிட்டுக் குளிக்கும் வெந்நீரும் அக்கணக்கில் சேர்பவையே. மிக உயர்ந்த மாடிக் கட்டடத்தைத் தவிர்த்துச் சிறு விடுதியையோ, வீட்டிலேயே அறை தருவோரையோ நாடுதல் நன்று.

இரண்டாவது கோவிந்த்காட். ஆற்றோரத்தில் உள்ள இவ்வூரில் சில விடுதிகளும் சீக்கியரின் குருத்துவாராவும் உள்ளன. 2013 ஜூன் வெள்ளத்தில் இங்கிருந்த பாலமும் கங்கரியா செல்லும் பாதையின் பெரும்பகுதியும் அடித்துச் செல்லப்பட்டன. இடையிலுள்ள பியூந்தார் சிற்றூர் பாழாயிற்று. பாதை பின்னர்ப் புதிதாக அமைக்கப்பட்டது. மழை வலுத்திருக்கும் இரவில் ஆற்றோர அறையைக் காட்டிலும் ஜோஷிமட்டில் தங்கி விடியலில் வருவது மேல்.

மூன்றாவது கங்கரியா. உயரம் சுமார் 3,050 மீட்டர். பூங்காவிற்கு மிக அருகிலுள்ள தங்குமிடம் இதுவே. இது ஊர் என்பதினும் பருவகாலச் சந்தை எனலாம். குளிர்காலத்தில் ஆளே இருக்கமாட்டார்கள். ஒற்றைத் தெரு, இருபுறமும் விடுதிகள், சேறு, கழுதைச் சாணம், நெருக்கடி. மேலே, 4,300 மீட்டர் உயரத்திற்கும் அப்பால் ஏரிக்கரையில் ஹேம்குண்ட் சாஹிப் என்னும் சீக்கியர் திருத்தலம் உள்ளது. அங்கும் இரவு தங்க இடமில்லையாதலின் அத்தனை யாத்திரிகரும் கங்கரியாவுக்கே இறங்கி வருவர். பூக்களின் பருவமும் யாத்திரைப் பருவமும் ஒன்றே. ஆகவே ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அறை கிடைத்துவிடும் என்று நம்பிச் செல்லலாகாது. நிகமத்தின் விடுதியைப் பல வாரங்கள் முன்னரே பதிவு செய்ய வேண்டும். தனியார் விடுதிகளில் வாடகை கூட்டத்தைப் பார்த்து ஏறும். மின்சாரமும் வெந்நீரும் எந்நேரமும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டா. கூடாரத்தில் உறங்கியே தீர வேண்டும் என்போர்க்கும் வழி உண்டு: கங்கரியாவுக்குச் சற்று முன்னரே, வானூர்தித் தளம் உள்ள புல்வெளியருகில், தனியார் சிலர் பருவகாலத்தில் கூடாரம் அமைத்து வாடகைக்கு விடுகின்றனர். அது பூங்கா எல்லைக்கு வெளியே இருப்பதால் தடை இல்லை.

கங்கரியாவிலும் குருத்துவாரா உண்டு. யாத்திரிகர்க்கு மட்டுமன்றி வழிப்போக்கர் எவர்க்கும், எம்மதத்தினர்க்கும், தங்க இடமும் போர்வையும் உணவும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. தலையை மூடிக்கொள்ளுதல், காலணியை வெளியே விடுதல், புகையும் மதுவும் உள்ளே கொண்டுசெல்லாமை ஆகியவையே நிபந்தனைகள். லங்கர் எனப்படும் பொதுப்பந்தியில் மரக்கறி உணவே பரிமாறப்படும். ஆதலின் எது விலக்கு, எது ஆகும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை. தரையில் அமர்ந்து, இரு கைகளாலும் ரொட்டியை வாங்கிக்கொள்வது அங்குள்ள முறை. ஆயினும் ஒன்று: அது யாத்திரிகர்க்காக அமைந்த இடம். பணம் இருந்தும் சிக்கனத்திற்காக அங்கே இடம்பிடித்து, நடந்து களைத்து வரும் முதியவரைத் தாழ்வாரத்தில் படுக்கவிடுதல் முறையன்று. அறை கிடைக்காத இரவுக்கு அடைக்கலமாக அதனைக் கருதுக. தங்கினால் இயன்றதை உண்டியலில் இடுக. காலையில் பாத்திரம் கழுவும் பணியில் கை கொடுக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

உயரமும் உறக்கமும்

ஜோஷிமட்டில் ஓரிரவு தங்குமாறு வற்புறுத்துவதற்கு உடலியற் காரணமும் உண்டு. 2,500 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைவதால் மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் குறைகிறது. சமவெளியிலிருந்து ஒரே மூச்சில் ஏறி அங்கே உறங்குவோர் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, தள்ளாட்டம் உண்டாகும். பகலில் எவ்வளவு உயரம் சென்றோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் உறங்குகிறோம் என்பதே இதில் பெரிதும் கருதத்தக்கது. 3,000 மீட்டரைக் கடந்தபின் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மலை மருத்துவர் வகுத்த நெறி. ஹேம்குண்ட் வரை பகலில் ஏறிக் கங்கரியாவில் வந்து உறங்குவது இந்நெறிக்குப் பொருந்துகிறது. தலைவலி கண்டவர் மேலே ஏறக் கூடாது. தள்ளாட்டமோ, ஓய்விலும் மூச்சுத்திணறலோ கண்டால் விடியும்வரை காத்திராமல் துணையோடு கீழே இறக்க வேண்டும். "கொஞ்சம் சுக்குக் காப்பி குடித்தால் சரியாகிவிடும்" என்னும் நம்மூர் வைத்தியம் இங்குப் பலிக்காது.

கூடாரத்திற்கு இடந்தரும் பூங்கா

எல்லா மலைப் பூங்காக்களும் கூடாரத்தைத் தடுப்பவை அல்ல. இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்திலுள்ள பெரும் இமயமலைத் தேசியப் பூங்கா இதற்கு எடுத்துக்காட்டு. பரப்பு 754 சதுர கிலோமீட்டர். 1999இல் முறையாக அறிவிக்கப்பட்டு, 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இங்கும் பூங்காவினுள் விடுதி இல்லை. எல்லைக்கு வெளியே, தீர்த்தன் ஆற்றங்கரையில் உள்ள குஷைனி முதலிய சிற்றூர்களில் வீட்டு விடுதிகள் இருக்கின்றன. வனத்துறையிடம் அனுமதி பெற்று உள்ளே நடப்போர், துறை குறித்துள்ள இடங்களில் கூடாரமிடலாம். குஷைனியிலிருந்து ஒரு பகல் நடையில், பூங்காவின் வாயிலில் உள்ள ரோலா அத்தகைய இடம். வழிகாட்டி, சமையற்காரர், சுமைதூக்குவோர் ஆகியோரை உள்ளூரிலேயே அமர்த்திக்கொள்ளலாம். காட்டுரிமை இழந்த சிற்றூர்களுக்கு இவ்வருவாய் ஓரளவு ஈடு. உள்ளூர்த் துணையின்றி முதன்முறை செல்வோர் உள்ளே போகவேண்டா என்பதே என் கருத்து.

கூடாரம் அடிப்பதில் நம் மாணவர்க்குப் பழக்கம் குறைவு. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களைக் கூட நாம் பள்ளிக் கட்டடங்களில்தானே நடத்துகிறோம்! ஆகவே சிலவற்றைச் சொல்கிறேன். வறண்ட ஓடைப்படுகை சமமாகவும் மணலாகவும் இருந்து கண்ணை மயக்கும். மேலே எங்கோ பெய்த மழை நள்ளிரவில் அவ்வழியே வரும். செங்குத்துச் சரிவின் அடியில் புதிதாக உதிர்ந்த கற்கள் கிடந்தால் அங்கே படுக்கலாகாது. பட்டுப்போன மரத்தின் கீழும் அவ்வாறே. முன்னர்ப் பிறர் கூடாரமிட்டுப் புல் தேய்ந்த இடத்தையே தேர்ந்தால் புதிய புல் பிழைக்கும். நீர்நிலையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி இருத்தல் வேண்டும். கழிப்பிடமும் அத்தொலைவுக்கு அப்பால், ஒரு சாண் ஆழத்திற்குக் குழி தோண்டி மூடப்பட வேண்டும். விறகு வெட்டாமல் அடுப்பும் எரிபொருளும் கொண்டுசெல்க. அந்த அடுப்பைக் குளிருக்கு அஞ்சி மூடிய கூடாரத்தினுள் ஏற்றுதல் உயிருக்கே கேடு. மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறக்கத்திலேயே கொன்றுவிடும். இவ்வாறு இறந்தோர் உண்டு. கரடி நடமாடும் காடாதலின் உணவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கலாகாது. தரைவிரிப்பும், மழை காக்கும் மேல்விரிப்பும், நல்ல உறக்கப்பையும் இல்லாத கூடாரம் ஒரு துணிப்பைதான்.

குப்பை பற்றித் தனியே விரிக்கவில்லை. கொண்டுசென்றதைக் கீழே கொண்டுவர வேண்டும், அவ்வளவே. கங்கரியா வழியில் உள்ளூர் மக்கள் அமைத்த சூழல் மேம்பாட்டுக் குழுவினர், பிறர் எறிந்த நெகிழிப் புட்டிகளைப் பருவம் முழுதும் பொறுக்கிக் கீழே இறக்குகின்றனர்.

மாற்றி எழுதிய திட்டம்

மாணவர்கள் தாளைத் திரும்ப எடுத்துச் சென்று ஒரு வாரம் கழித்து வந்தனர். இம்முறை இரவுகளை முதலில் எழுதியிருந்தனர். ரிஷிகேஷில் ஓரிரவு, ஜோஷிமட்டில் ஓரிரவு, கங்கரியாவில் மூன்றிரவு, இறங்கி வரும்போது மீண்டும் ஜோஷிமட்டில் ஓரிரவு. கங்கரியாவில் முதல்நாள் மாலை ஓய்வு, மறுநாள் பள்ளத்தாக்கு, அதற்கு மறுநாள் உடல்நிலை பார்த்து ஹேம்குண்ட். நிகமத்தின் விடுதியில் பொதுக்கூடப் படுக்கைகளுக்குப் பதிவு செய்யப்பட்டிருந்தது. கூடார வாடகைக்கு ஒதுக்கிய தொகையில் ஒவ்வொருவருக்கும் மழைச்சட்டை வாங்குவதாகக் குறித்திருந்தனர். கடைசி வரியில் "மிகை நாள் - 1" என்று இருந்தது. "இது எதற்கு?" என்றேன். "சாலையில் மண் சரிந்தால் தங்குவதற்கு, ஐயா. திரும்பும் புகைவண்டிக்கும் ஒரு நாள் தள்ளியே சீட்டு எடுத்திருக்கிறோம்" என்றனர். தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.